எர்த்

காலை ஏழே முக்காலுக்கு
மணிக்கட்டில் பட்டையைக் கட்டி
அதன் கொக்கியை மேசை விளிம்பில் மாட்டுகிறேன்.
இனி சாப்பாட்டு மணி வரைக்கும்
என் உடம்பில் ஏறுகிற மின்சாரமெல்லாம்
வயர்வழி இறங்கி
கப்பலூர் மண்ணுக்குள் போய்விடும்.
"கன்னுக்குட்டியைக் கட்டியாச்சா?" என்பாள்
எதிர்மேசை பவுன்தாய்,
தன் கயிற்றை ஆட்டியபடி.

நாலு வருஷமாய்
நிறத்தை நிறமாகப் பார்க்க முடியவில்லை.
பழுப்பு கறுப்பு சிவப்பென்றால் ஆயிரம் ஓம்.
செக்கானூரணியில் ஏறுகிறவளின் சேலைக்கரை
மஞ்சள், ஊதா, சிவப்பு:
நாலாயிரத்து எழுநூறு.
கடைசியில் ஒரு தங்கக் கோடும் உண்டு,
ஐந்து சதவீதம் முன்னே பின்னே.

செவ்வாய்க்கிழமை ஒரு பெட்டி திரும்பி வந்தது.
கோவில்பட்டிப் பக்கம்
கடலைமிட்டாய்க்குப் பொட்டலம் போடுகிற மெஷினுடையது.
ஓடும்போதே நின்றுவிடுகிறதாம்.
உள்ளே ஒட்டிய சீட்டில் பதினான்கு.
பதினான்கு நான்.
சூப்பர்வைசர் தேவசகாயம் ஒன்றும் சொல்லவில்லை.
என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

மூடியில் கறுப்பு மார்க்கரால்
யாரோ எழுதியிருந்தார்கள்: இங்க தட்டு.
கீழே ஓர் அம்புக்குறி.
அம்பு முடிகிற இடத்தில்
பெயின்ட் தேய்ந்து, பாகு படிந்து
ஓர் உள்ளங்கை. சின்னது.
ஒருத்தியோ ஒருவனோ,
ஒருத்தி என்றே வைத்துக்கொண்டேன்.

திறந்தால் வெல்ல வாசனை.
ஃப்ளக்ஸ் புகையைத் தவிர இன்னொன்று
அந்த மேசையில் வீசியது அன்றுதான்.
ரிலேவுக்கு அடியிலிருந்து மூன்று எறும்புகள்
நீல விரிப்பில் இறங்கி
யாரைக் கேட்பதென்று நின்றன.

லென்ஸ் விளக்கை இழுத்தேன்.
எட்டாவது பின்.
நல்ல பற்று பளபளவென்று வழிந்து உட்காரும்.
இது சாம்பல் பூத்து,
சுற்றிலும் மயிரிழை விரிசல்.
பார்த்தால் பிடித்திருக்கிற மாதிரி.
பிடிக்கவில்லை.

தேதி: ஆகஸ்ட் இருபத்தொன்று.
என்ன நடந்தது அன்றைக்கு?
காய்ச்சலா, வீட்டில் சண்டையா,
சீட்டுப் பணம் கட்டாத நாளா?
நோட்டைப் புரட்டினேன். ஓ.டி.கூட இல்லை.
ஒன்றுமே நடக்கவில்லை.
நன்றாகத் தூங்கி, நன்றாகத் தின்று
ஆயிரத்துச் சொச்சம் பற்று வைத்த நாளில்
ஒன்றில் மட்டும்
முனையை அரை நொடி முந்தி எடுத்திருக்கிறேன்.

அந்த அரை நொடிக்கு
எட்டு மாதம் தட்டியிருக்கிறாள்.
கோபத்தில் என்றால் மூடி நசுங்கியிருக்கும்.
நசுங்கவில்லை.
புரையேறிய பிள்ளைக்கு உச்சியில் தட்டுகிற மாதிரிதான்
தட்டியிருக்கிறாள்.
புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்பார்கள்.
நான் நினைக்கவேயில்லை, ஒருநாளும்.

பழைய ஈயத்தை உறிஞ்சியெடுத்துப்
புதிதாய் வைத்தேன்.
மூன்று நொடி போதும். நான்காவதும் எண்ணினேன்.

'காரணம்' என்ற கட்டத்தில்
எல்லாரும் எழுதுவது: போக்குவரத்து அதிர்வு.
நான் எழுதினேன்: டிரை சால்டர், 14.
இந்த மாதம் ஊக்கத்தொகையில் ஐந்நூறு போகும்.
தேவசகாயம் வாசித்துவிட்டு
எழுத்து கோணலாக இருக்கிறதென்றார்.

ஸ்பிரிட் தொட்டுப் பாகைத் துடைத்தேன்.
எழுத்தை விட்டுவிட்டேன்.
டெஸ்டிங் மேசையில்
பட்டையைக் கழற்றிய கையை
அம்புக்குக் கீழே வைத்துத் தட்டினேன்.
இன்னொருமுறை, பலமாக.
பச்சை விளக்கு அசையவில்லை.

வியாழக்கிழமை லாரியேறிப் போனது.
பழக்கத்தில் அவள் இன்னும் கொஞ்ச நாள் தட்டுவாள்.
தட்டட்டும்.
எறும்புகள் இங்கேயே தங்கிவிட்டன,
பவுன்தாயின் டிபன்பாக்ஸுக்கு
வழி தெரிந்துவிட்டது அவற்றுக்கு.